கடற்கரை வாடகை வீடு: ஒரு வருடத்தில் எத்தனை சனிக்கிழமை?

கல்யாணப் பந்தி, அலுவலகக் கேன்டீன், வாட்ஸ்அப் குழு என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: “ஈ.சி.ஆர்.ல ஒரு பீச் ஹவுஸ் வாங்கிப் போடு. ஒரு நாளைக்கு 25,000 வாடகை. மாசம் ஏழரை லட்சம். லோன் தானா அடைஞ்சிடும்.”

சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. திருவான்மியூரில் தொடங்கி நீலாங்கரை, பனையூர், உத்தண்டி, கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, பட்டிபுலம் தாண்டி மாமல்லபுரம் வரை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஓர் இரவுக்கு 25,000 ரூபாய்க்குப் போகிற வீடுகள் இருக்கத்தான் செய்கின்றன. அந்தத் தொகையை 30ஆல் பெருக்கும்போதுதான் கணக்கு தடம் புரள்கிறது.

என் சித்தப்பா கோவளத்துக்குத் தெற்கே அப்படி ஒரு வீடு வைத்திருந்தார். மூன்று வருடம் அதன் வரவு செலவை நான்தான் எழுதினேன். முதல் ஆறு மாதத்திலேயே எனக்குப் புரிந்த ஒன்றைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். இந்த வீடு எப்படிச் சம்பாதிக்கிறது, எங்கே செலவழிக்கிறது, அது நிற்கிற மண்ணுக்கு என்ன சட்டம் என்பவை தெரியாமல் ஆயுள் சேமிப்பை அதில் போடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

முதலில் ஒரு கல்யாண மண்டபம்

உங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஒரு நாள் வாடகை ஒன்றரை லட்சம். அதனால் மண்டபக்காரருக்கு மாதம் 45 லட்சம் வருகிறது என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை என்பது நமக்குத் தெரியும். மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாளில்தான் மண்டபம் நிறையும். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் அதே மண்டபத்தைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும், வாட்ச்மேனுக்குச் சம்பளம் வேண்டும், கரன்ட் பில் வரும். வரவு மட்டும் இருக்காது.

கடற்கரை வாடகை வீட்டுக்கு முகூர்த்த நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு அதற்கு அடுத்தபடி. அவற்றோடு பொங்கல் விடுமுறை, புத்தாண்டு, ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, திங்களோ வெள்ளியோ அரசு விடுமுறையாகிச் சேர்ந்து வரும் மூன்று நாள்கள். மற்ற நாள்களில் சென்னைக்காரர்கள் வேலையில் இருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் வந்தால் பரீட்சை, குடும்பங்கள் அசையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பதிவு செய்தவர்களும் ரத்து செய்துவிடுவார்கள்.

மண்டபத்தைவிட நெருக்கமான உதாரணம் அந்தக் கரையிலேயே உண்டு. விடிகாலையில் வந்திறங்கிய மீனுக்கு ஏழு மணிக்கு ஒரு விலை. வெயில் ஏற ஏற விலை இறங்கும். விற்காமல் போனால் அது நாளைக்கு அதே மீன் இல்லை. வாடகை வீட்டின் ஓர் இரவும் அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை இரவை எடுத்து வைத்து இந்தச் சனிக்கிழமை விற்க முடியாது. மரக்கடைக்காரர் இன்றைக்கு விற்காத கட்டிலை அடுத்த மாதம் விற்றுக்கொள்ளலாம். உங்களிடம் இருக்கும் சரக்கு, வீடு என்று நினைக்கிறீர்கள். உண்மையில் சரக்கு, இரவுகள். வருடத்துக்கு 365, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த இரவுகளில் எத்தனை விற்றன என்பதைச் சதவீதமாகச் சொன்னால் அதுதான் நிரம்பல் விகிதம். லாட்ஜ்காரர்கள் ஆக்குபன்சி என்பார்கள். 365 இரவில் 100 விற்றால் 27 சதவீதம். வீட்டை விற்க வரும் தரகர் ஓர் இரவின் வாடகையைச் சொல்லும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மாத வாடகை வேறு, இது வேறு

அண்ணாநகரில் ஒரு ஃபிளாட்டை மாத வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்றால், குடியிருப்பவர்தான் பெருக்குகிறார், கரன்ட் பில் கட்டுகிறார், ஃபியூஸ் போன பல்பை மாற்றுகிறார். நீங்கள் செய்வது வாடகை வந்ததா என்று பார்ப்பது. நாள் வாடகை வீட்டில் அத்தனையும் உங்கள் தலையில். ஞாயிறு காலை 11 மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்து போகும், மதியம் 2 மணிக்கு அடுத்த குழு வாசலில் நிற்கும். அந்த மூன்று மணி நேரத்தில் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், நான்கு குளியலறையைக் கழுவ வேண்டும், நீச்சல் குளத்தில் கிடக்கும் மணலை அள்ள வேண்டும். கடலில் குளித்துவிட்டு நேராகக் குளத்தில் இறங்குவார்கள். அதனால் குளத்தின் ஃபில்டர்தான் அந்த வீட்டில் முதலில் நோய்வாய்ப்படும்.

ஆகவே இது சின்ன அளவில் ஒரு லாட்ஜ் தொழில். பத்திரத்தில் ‘குடியிருப்பு வீடு’ என்று இருந்தாலும் அன்றாட வேலை லாட்ஜினுடையதுதான்.

இங்கே இன்னொரு சொல்லையும் குழப்பிக்கொள்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ‘ஹோம் ஸ்டே’ என்கிறார்கள். மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம் ஸ்டே திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். விருந்தினருக்குக் கொடுப்பது ஒன்று முதல் ஆறு அறைகள். யாரும் வசிக்காமல் முழு வீட்டையும் சாவி கொடுத்து விடுவது அந்த வகையில் சேராது.

இதுவரை பார்த்தது: விற்பது இரவுகள், அவை தங்காத சரக்கு, நிறைகிற நாள்கள் பெரும்பாலும் வாரக் கடைசி, வேலை மாத வாடகையைவிடப் பல மடங்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டின் எண்களை இவற்றுக்குப் பதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மனை 2 கோடியே 20 லட்சம், கட்டடம் 80 லட்சம், மொத்தம் 3 கோடி. வெள்ளி, சனி இரவுகள் வருடத்துக்கு 104. அவற்றில் 70 விற்றன, ஒவ்வொன்றும் 25,000. மற்ற நாள்களில் 30 இரவு விற்றது, வாடகை ஏறக்குறைய பாதியாக இறங்கி 12,000. வாரக் கடைசியில் 17,50,000, மற்ற நாள்களில் 3,60,000. மொத்த வரவு 21,10,000 ரூபாய். 25,000ஐ 365ஆல் பெருக்கிய கனவுக் கணக்கு 91,25,000. நாலில் ஒரு பங்குக்கும் குறைவுதான் கைக்கு வருகிறது.

இனி செலவு. பதிவு செய்யும் செயலிகளுக்கும் தரகர்களுக்கும் கமிஷன் 15 சதவீதம் என்றால் 3,16,500. காவலுக்கும் துப்புரவுக்கும் ஒரு தம்பதி, மாதம் 25,000, வருடத்துக்கு 3 லட்சம். நீச்சல் குளம், தோட்டம் 1,20,000. மின்சாரம் 1,80,000. வந்து போகிற ஒவ்வோர் இரவுக்கும் சலவை, சோப்பு, குடிநீர் கேன், கூடுதல் ஆள் என்று 1,500 வீதம் 1,50,000. தண்ணீர் லாரி, கேஸ், சில்லறைச் செலவு 60,000. சொத்து வரி, காப்பீடு, இணையம், கேமரா 60,000. பெயின்ட், பழுது, மாற்றும் சாமான்களுக்காக ஒதுக்கி வைப்பது 3 லட்சம். எல்லாம் சேர்த்து 14,86,500.

மீதி 6,23,500 ரூபாய். போட்ட பணம் 3 கோடி. நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். செலவு போக நின்றதைப் போட்ட முதலால் வகுத்து வரும் இந்தச் சதவீதத்துக்குப் பெயர் நிகர ஈவு. அதே 3 கோடியை வங்கி வைப்பில் 6.5 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் 19.5 லட்சம் வட்டி வந்திருக்கும்.

பாதிப் பணத்துக்குக் கடன் வாங்கியிருந்தால்? ஒன்றரைக் கோடிக்கு 9 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே வருடத்துக்கு 13.5 லட்சம். வீடு சம்பாதித்த 6.23 லட்சம் போக ஏழு லட்சத்துக்கும் மேலே உங்கள் சம்பளத்திலிருந்து போகும். “லோன் தானா அடையும்” என்ற வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

சித்தப்பா வீட்டில் என்னை முதலில் உலுக்கியது மின்சாரம். எட்டுப் பேர் தங்க வருவதாகச் சொல்லிப் பதினைந்து பேர் வந்தார்கள். நான்கு ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு இருந்த அண்ணன் எனக்கு போன் செய்தார். “தம்பி, ஏ.சி.ய நிறுத்துனா வந்து சத்தம் போடுவாங்க. நிறுத்தலன்னா சார் சத்தம் போடுவாரு. நான் என்ன செய்யட்டும்?” அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம்தான் வாடகையோடு குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம், அதற்கு மேல் மீட்டர் பார்த்துத் தனிக் கட்டணம் என்று விதி எழுதினோம்.

மண் ஏறுவதும் வீடு சம்பாதிப்பதும்

இவ்வளவு குறைந்த ஈவு என்றால் பணக்காரர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்வி வரும். விடை மண்ணில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பு வாங்கியவர்கள் மனை விலை ஏறியதால் நன்றாக இருக்கிறார்கள். வாடகையால் இல்லை. அவர்களைக் காட்டித்தான் “பாரு, பீச் ஹவுஸ் எப்படிக் கொடுத்திருக்கு” என்கிறார்கள்.

இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பையில் வாடகை போன்ற நடப்பு வருமானம். இன்னொரு பையில் மனை மதிப்பு ஏற்றம். இரண்டாவது பையில் இருப்பது விற்கிற நாளில்தான் பணமாகும், அதுவரை கரன்ட் பில் கட்ட உதவாது. மனை ஏறும் அதே வருடங்களில் கட்டடம் தேய்ந்துகொண்டே வரும். மனை ஏறும் என்பதுதான் உங்கள் நம்பிக்கை என்றால், அதற்கு வீடு கட்டி, குளம் தோண்டி, லாட்ஜ் நடத்த வேண்டிய தேவையே இல்லை. வெறும் மனையே போதும். தரகர்கள் இதை ஒருபோதும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊர் வளர்ந்தால் வாடகை கூடுமா?

பரவலாக நம்பப்படுகிற இன்னொரு கருத்து: “அந்த ஊர் வளருது, இப்பவே வாங்கினா பின்னாடி வாடகை எகிறும்.”

வளர்ச்சி உண்மைதான். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2022இல் செஸ் ஒலிம்பியாட் அங்கே நடந்தது. தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021இல் கோவளம் கடற்கரை பெற்றது. மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொடுப்பதால் கோவளத்துக்குத் தனிப் பெயரே வந்துவிட்டது. வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

ஆனால் வளர்கிற ஊரில் வாடகை வீடுகளும் கூடும். உங்களுக்குத் தோன்றிய யோசனை பக்கத்து மனைக்காரருக்கும் தோன்றும். முன்பு ஐந்து வீடு இருந்த தெருவில் இருபது வீடு வரும், புதிய வீட்டில் குளம் பெரிதாக இருக்கும், மொட்டை மாடியில் சினிமாத் திரை இருக்கும். சனிக்கிழமைகளோ வருடத்துக்கு 52தான். வருகிறவர்கள் எல்லோரும் அதே 52 நாளில் வருகிறார்கள், கூடிய வீடுகள் அந்த 52 நாளையே பங்கு போட்டுக்கொள்கின்றன. மற்ற கிழமைகளில் எல்லோரும் போட்டி போட்டு வாடகையை இறக்குவார்கள். அதனால் மனை விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே அங்கிருக்கும் ஒரு வீட்டின் வாடகை வரவு இறங்க முடியும். இரண்டும் ஒரே வளர்ச்சியின் விளைவு. சித்தப்பாவுக்கு மூன்றாவது வருடம் நடந்தது இதுதான்.

வளர்ச்சி வார நாள்களையும் நிறைத்தால் கதை மாறும். அலைச்சறுக்குப் பயிற்சிக்கு வந்து ஒரு வாரம் தங்குகிறவர்கள், நிறுவனங்களின் இரண்டு நாள் கூட்டங்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் என்று செவ்வாய், புதனை நிறைக்க ஒரு வழி இருக்கிற வீட்டுக்கு மதிப்பு உண்டு.

இந்தப் பகுதியில் மனதில் வைக்க வேண்டியது: மனை ஏற்றம் வேறு, ஈவு வேறு. ஊர் வளர்ச்சி முதலாவதை உயர்த்திக்கொண்டே இரண்டாவதை இறக்கலாம்.

உப்புக்காற்று செய்யும் வேலை

ஊறுகாய் ஜாடிக்கு இரும்பு மூடி போட்டால் என்ன ஆகும்? நம் பாட்டிகளுக்கே தெரியும் என்பதால்தான் பீங்கான் ஜாடி வந்தது. கடலோர வீடு, மூடியில்லாத ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கிற இரும்பு மாதிரி.

அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுகிறது. கடற்காற்று அதை வீட்டுச் சுவரில், கதவுக் கீலில், ஏ.சி. பெட்டியில் கொண்டுவந்து படிய வைக்கிறது. கரைக்குக் கிட்டே இருக்கும் வீடுகளுக்கு இதில் பெரும்பங்கு.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டாகிவிடும். உப்பிலுள்ள குளோரைடு, ஈரத்தோடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு கம்பி துருவாகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இடம் போதாமல் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் சீலிங்கிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழும்.

இதைத் தாமதப்படுத்தும் வழி, கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் கான்கிரீட்டைத் தடிமனாக வைப்பது. மேஸ்திரிகள் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையை வைத்து விடும் இடைவெளி அதுதான். கட்டடங்களுக்கான இந்திய தரக் குறியீட்டில் சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர், கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர். நகரத்தில் வீடு கட்டிப் பழகிய மேஸ்திரி, பழக்கத்தில் நகரத்து அளவையே வைத்துவிட்டால் அந்த வீட்டின் ஆயுள் அன்றைக்கே குறைந்துவிட்டது. பூச்சு பூசிய பிறகு பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கட்டும்போதே ஒரு பொறியாளரை நிறுத்தி அளக்க வைப்பதைவிட நல்ல செலவு இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சித்தப்பா வீட்டில் இரண்டாவது கோடையில் தொட்டேன். சீப்புப் பல் போல வரிசையாக இருக்க வேண்டிய அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. வெளியே பார்க்கப் பெட்டி புதிதாகத்தான் இருந்தது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவி விட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். கணக்கில் பழுதுக்கென்று 3 லட்சம் ஒதுக்கினேனே, அது இதற்காகத்தான். செலவு வராத வருடத்தில் அதை லாபமாக எண்ணி எடுத்துச் செலவழித்துவிடக் கூடாது.

கிணற்றில் இருக்கும் ஒரு கோடு

கடலோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழைநீர் லேசானது, கடல்நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் புரியும். மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏற இடம் கொடுக்கிறோம். ஒரு தெருவில் பத்துக் குளம் நிரம்பினால் அந்தத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மீனவக் குப்பத்துக் கைப்பம்பும் கரிக்கத் தொடங்கும். அதனால்தான் குளத்துக்குத் தண்ணீர் லாரிக் கணக்கை முதலிலேயே எழுதச் சொல்கிறேன்.

சி.ஆர்.இசட்.: பட்டா இருந்தால் போதாதா?

போதாது. வண்டியின் ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருப்பதால் ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் போக முடியாது. பட்டாவும் பத்திரமும் வில்லங்கச் சான்றும் மண் யாருடையது என்று சொல்கின்றன. அந்த மண்ணில் என்ன கட்டலாம் என்று சொல்வது வேறு சட்டம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதைத்தான் சி.ஆர்.இசட். என்கிறோம். முதல் அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி வரும்போது நீர் எட்டுகிற எல்லைக்கு உயர் ஓதக் கோடு என்று பெயர். அதிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த மண்டலம். அந்தக் கோட்டை நீங்களோ தரகரோ காலால் அளந்து குறிக்க முடியாது. அரசு ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருப்பதுதான் கோடு.

ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதிக்கு ஒரு விதி, ஊர்ப்புறக் கடற்கரைக்கு வேறு விதி. ஊர்ப்புறத்தில் கோட்டுக்கு அருகே புதிதாகக் கட்டக் கூடாத பகுதி ஒன்று உண்டு. 2011 அறிவிக்கையில் அது 200 மீட்டர். 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் அதை 50 மீட்டராக்கியது. மற்ற இடங்களில் 200தான். 50 என்பது அந்தப் புதிய அறிவிக்கைப்படி வரைந்து ஒப்புதல் பெற்ற வரைபடம் வந்த பிறகே செல்லும் என்பதைப் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். முட்டுக்காடு போலக் கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தின் கரைகளுக்கும் இந்தச் சட்டம் உண்டு. “கடல் இந்தப் பக்கம் இல்லையே” என்பது வாதமாகாது.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கொச்சியில் மரடு என்ற இடத்தில், இந்த விதிகளை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்களை இடிக்கும்படி 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த ஃபிளாட்டுகளை வாங்கியவர்கள் பத்திரம் வைத்திருந்தார்கள், வரி கட்டியிருந்தார்கள். இடைக்கால இழப்பீடாக அவர்களுக்குச் சொன்ன தொகை 25 லட்சம் ரூபாய்.

காகித வேலை, சுருக்கமாக

வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நம் உதாரண வீடு 21.1 லட்சத்தில் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள தங்குமிடத்துக்கு 18 சதவீதம். மின் இணைப்பை வணிகப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், வீட்டு இணைப்புக்குரிய இலவச யூனிட்டுகளை இதில் எதிர்பார்க்கக் கூடாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுப் படிவத்தில் ‘நாள் வாடகைக்கு விடுகிறோம்’ என்று உண்மையை எழுதுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அப்படியொரு இரவுக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது, குடியிருப்பதாக எழுதிக் கொடுத்த வீட்டில் விருந்தினர் தங்கியிருந்தது தெரிந்தால் சிக்கல்.

அந்தக் கரை யாருடையது

கானாத்தூர் ரெட்டிக்குப்பத்திலிருந்து மாமல்லபுரம் வரை மீனவர்கள் வாழும் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நாம் ‘வளர்கிற கடற்கரை ஊர்’ என்று சொல்வதற்குப் பல தலைமுறை முன்பே அது அவர்களுக்கு ஊர். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கடலுக்குப் போகவும் அவர்கள் பயன்படுத்தும் பாதை, பத்திரத்தில் ஒரு கோடாகக்கூடத் தெரியாமல் போகலாம். அதன் குறுக்கே மதில் எழுப்பிவிட்டு ‘தனியார் கடற்கரை’ என்று விளம்பரம் செய்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வாங்கும் முன் குப்பத்துப் பெரியவர்களிடம் போய், பாதை எது என்று கேட்டுவிடுங்கள். நல்ல முறையில் கேட்டால் நின்று காட்டுவார்கள்.

இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நான்கு மணிக்குக் கடலுக்குப் போக வேண்டியவர் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்பதைச் சட்டம் சொல்லாமலே நினைவில் வைக்க வேண்டும்.

விளக்கும் அப்படித்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் அதிகமாக உள்ள திசையைக் கடல் என்று எண்ணி நகரும். மொட்டை மாடியில் வெள்ளை விளக்கு எரிந்தால் அவை வீட்டை நோக்கி வரும். சித்தப்பா வீட்டில் ஒரு விடியற்காலை, கேட் ஓரத்துச் சிமென்ட் தரையில் ஏழு குஞ்சுகள் காய்ந்து கிடந்ததாகக் காவலுக்கு இருந்த அண்ணன் சொன்னார். அன்று முதல் அந்த மாதங்களில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்து வைத்தோம். ஒரு விருந்தினர்கூட அதற்காகக் குறை சொன்னதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை

விற்கிறவர்கள் சனிக்கிழமை மாலை வரச் சொல்வார்கள். அன்றைக்கு ஊரே அழகாக இருக்கும். நீங்கள் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலையில் போங்கள். தெருவில் எத்தனை கேட் பூட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி ஏ.சி. வெளிப்பெட்டியின் தகடுகளில் விரலை வையுங்கள். வராண்டா சீலிங்கில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். கடைசி பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதுகளைக் கேளுங்கள். எப்போது ஆள் இருந்தது, எப்போது வீடு சும்மா கிடந்தது என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு காவலுக்கு இருப்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போன மாதம் எத்தனை நாள் விரிப்பு மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அவர் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்.